கிரேன்காரரின் முதுகு குணமான விதம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஆதி மனிதன் முதல் தடவையாகக் கல்லில் கால் இடித்துக்கொண்ட நாள் தொட்டு மனித குலத்தை வாட்டி வதைத்துவந்த வலி என்பது, வரும் வியாழக்கிழமை காலை எங்கள் மருத்துவமனையின் குளிரூட்டப்பட்ட கூட்ட அரங்கில், தலைமை மருத்துவர் அவர்களின் முன்னிலையில் முடித்துவைக்கப்படும். அனைவரும் வருக. தேநீர் உண்டு.

அழைப்பிதழின் வாசகம் ஏறக்குறைய இதுதான். அசலில் ‘மனித குலம்’ மூன்று தடவை வந்திருந்தது. படிப்பவர்களின் நலன் கருதி இங்கே குறைக்கப்பட்டிருக்கிறது. கீழே வட்டத்துக்குள் ஒரு புகைப்படம். அதன் அடியில் ‘வலியை வென்றவர்’ என்று பொன்னெழுத்து. புகைப்படத்தில் இருந்தவர் துறைமுகத்தின் பழைய கிரேன்காரர்.

வலியை வென்றவர் அழைப்பிதழை நின்றபடியே படித்தார். காலையிலிருந்து அவரால் உட்கார முடியவில்லை.

கிரேன்காரருக்கு முதுகில் வலி வந்தது ஊரறிந்த சங்கதி. பாதி ஆயுளைத் துறைமுகத்தின் உயரமான கிரேனில், கண்ணாடிப் பெட்டி மாதிரியான கேபினுக்குள், குனிந்து கீழே பார்த்தபடியே கழித்தவர். ஒருநாள் மதியம் கொக்கியில் ஒரு கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்து கழுத்து வரைக்கும் யாரோ கம்பியைப் போட்டு முறுக்கியது மாதிரி பிடித்துக்கொண்டது. லிவரில் இருந்த கை விறைத்துவிட்டது. கீழே கொடி காட்டிக்கொண்டிருந்தவனின் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் வந்து பெட்டி நின்றது. நின்றதைப் பார்த்துக் கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் கைவேலையைப் பாருய்யா என்றார்கள். மேலே இருந்தவரை நான்கு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அவரைத் துறைமுக வாசலில், லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் அறையில் போட்டார்கள். நிற்கலாம், நடக்கலாம், வலித்தால் சுவரோடு சாய்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: மருத்துவமனை சொல்லும் சிகிச்சை எதையும் தட்டக் கூடாது. எண்ணெய் பூசினார்கள், இழுத்துக் கட்டினார்கள், மின்சாரம் வைத்தார்கள், ஊசி குத்தினார்கள். எல்லாம் ஓய்ந்த நிலையில்தான் தலைமை மருத்துவர் வெளிநாடு போய்விட்டு வந்து ‘மெய்நிகர் வலி நிவாரண மையம்’ என்று பலகை மாட்டினார். பலகை மட்டும் ஒரு லாரி நீளம்.

மையத்தில் ஒரு வி.ஆர். கண்ணாடி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நீச்சல் கண்ணாடிக்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டால் சுவர், கட்டில், மின்விசிறி எல்லாம் மறைந்து கடலுக்கடியில் நிற்கலாம். ஒரு பெண் குரல் மெதுவாக மூச்சை இழு, விடு என்று சொல்லும். மீன்கள் வரும். தரையில் சிப்பிகள் கிடக்கும். இரண்டு கையிலும் கட்டிக்கொண்ட பிடிகளால் சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். தொடங்கும்போதும் முடியும்போதும் அதே குரல், ‘இப்போது உங்கள் வலி எவ்வளவு?’ என்று கேட்கும். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். மனசு கடலில் இருக்கும்போது மூளை வலியைக் கவனிக்க மறந்துவிடும், பழகப் பழக உடம்பும் அசையப் பயப்படாது என்பது தத்துவம். தத்துவத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கிரேன்காரர் முதல் நாள் மாட்டிக்கொண்டார். மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைத்த மனுஷனுக்கு, வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடல் மயக்கம் வந்தது. மூன்றாவது மீனுக்கே வாந்தி எடுத்துவிட்டார். கண்ணாடி ஃபிரிட்ஜுக்கு மேலே போனது.

ஆனால் கண்ணாடி கோள் சொல்லும் ஜாதி. யார் மாட்டினார்கள், மாட்டவில்லை, தலை எவ்வளவு திரும்பியது, எவ்வளவு தாழ்ந்தது என்பதையெல்லாம் உடனுக்குடன் மையத்துக்குப் போட்டுக்கொடுத்துவிடும். அங்கிருந்து பயிற்சியாளப் பெண் தினமும் போன் செய்தாள். சார், ரெண்டு நாளா கடலுக்கு வரலியே, மீனெல்லாம் உங்களைத் தேடுது என்பாள். கிரேன்காரருக்கு நிபந்தனை ஞாபகம் வரும். சிகிச்சையைத் தட்டினார் என்று துறைமுகத்துக்கு ஒரு வரி எழுதினால் சீட்டு கொடுக்கும் அறையும் போய்விடும். ஆகவே அவர் தன் புத்திசாலித்தனத்தின் மேல் முழு நம்பிக்கை வைத்து மனைவியிடம், இதைத் தினமும் கொஞ்ச நேரம் தலையில் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார் என்று சொன்னார். அவளும் சரி என்றாள். போன் வருவது நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நினைத்தார். கணவர்கள் பொதுவாக அப்படித்தான் நினைப்பார்கள்.

அழைப்பிதழ் வந்த கையோடு பயிற்சியாளரின் போனும் வந்தது.

“சார், உங்க ரிப்போர்ட் பாத்து சீஃப் டாக்டர் அழுதுட்டார் சார்.”

“ஏம்மா, அவ்வளவு மோசமா?”

“சந்தோஷத்துல சார். எட்டுல ஆரம்பிச்சது இப்ப மூணுல நிக்குது. குனியறீங்க, திரும்பறீங்க, கூடை கூடையா சிப்பி பொறுக்கறீங்க. மையத்துலயே நீங்கதான் முதல். என்ன, உங்க உயரம் மட்டும் ஒரு சாண் குறைஞ்சிருக்கு. அதுக்குப் பயப்படாதீங்க. வலி போனதும் தசை தளர்ந்து உடம்பு இறங்கிடுச்சுன்னு சீஃப் ஒரு கட்டுரையே எழுதிட்டிருக்கார்.”

வியாழக்கிழமை மேடையில் அவர் கண்ணாடியை மாட்டிச் சிப்பி பொறுக்கிக் காட்ட வேண்டும். துறைமுக டாக்டரும் வருகிறார். அங்கேயே எல்லார் முன்னாலும் வேலைக்குத் தகுதிச் சான்று கொடுப்பார். திங்கட்கிழமை கிரேன்காரர் பழையபடி கேபினில் ஏறலாம். இதையெல்லாம் பயிற்சியாளர் பரிசு விழுந்த செய்தி மாதிரி சொன்னாள்.

துறைமுக டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் அவருக்குத் ‘தகுதி’ என்று பேர். காலொடிந்து தூக்கிவரப்பட்டவரைக்கூட உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்த மகான். அவர் பேனாவைத் திறந்துவிட்டால் மூடச் சொல்ல ஆள் கிடையாது.

கிரேன்காரர் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கேபினுக்குப் போகும் இரும்பு ஏணி கண் முன்னால் நின்றது. அதைவிட, கொடியோடு கீழே நிற்கிறவனின் மஞ்சள் தலைக்கவசம் நின்றது.

அன்று சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். அவள் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகள், மருத்துவமனைத் திரைகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் அவள் கையால்தான் விறைப்பாகும். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், ஃபிரிட்ஜுக்கு மேலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக இது நடக்கிறது. கதவைத் திறந்து பார்க்க அவருக்கு இன்றைக்குத்தான் தோன்றியது.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் அவள் நின்றிருந்தாள். கண்ணாடிக்குக் கீழே உதடு லேசாகச் சிரித்தது. மெதுவாகக் குனிந்து வலது கையால் தரையிலிருந்து எதையோ எடுத்தாள். கண் முன்னால் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு இல்லாத கூடையில் பத்திரமாகப் போட்டாள். அந்தக் கை தோளுக்கு மேலே போய் அவர் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தார். தலை வாருவதை அவள் இடது கைக்கு மாற்றியபோது அது ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்திருந்தார்.

அவள் கண்ணாடியைக் கழற்றும் வரை காத்திருந்தார்.

“நான் உக்காரத்தானே சொன்னேன்?”

“உக்காந்தா சிப்பி எட்டல.”

“வலி எவ்வளவுன்னு கேக்குமே, அதுக்கு?”

“கேட்டுச்சு. சொன்னேன்.”

“யார் வலிய?”

“என் வலியத்தான். உங்க வலி எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்கு என்ன வலி?”

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அந்த வீட்டில் முதுகு என்றால் அவர் முதுகு, மாத்திரை என்றால் அவர் மாத்திரை. தலையணைகூட அவர் இடுப்புக்குப் போனது போக மிச்சம்தான் மற்றவர்களின் தலைக்கு. இந்தக் கேள்வி அங்கே கேட்கப்பட்டதே இல்லை.

தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் என்றாள். விரிப்பை இழுத்து மடிக்கும்போது நெருப்பு மாதிரி ஏறும். ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் எழுப்பிவிடும். ரொம்ப வருஷமாக இருக்கிறது. இந்தக் கடலுக்குள் போய் வந்தால் அடங்குகிறது. அடுத்த நாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போது அந்தக் குரல் சொன்ன மாதிரி மூச்சு விட்டால் கை பயப்படாமல் போகிறது.

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“வீட்ல ஒரு வலி போதும்னு இருந்தேன்.”

அவர் அழைப்பிதழை நீட்டினார். அவள் படித்தாள். ‘வலியை வென்றவர்’ என்ற இடத்தில் அவள் வாயோரம் துடித்தது, சிரிக்கவில்லை. மேடை, சான்று, திங்கட்கிழமை எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவர் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“அன்னிக்கு அந்தப் பெட்டிய நான் நிறுத்தல. எனக்குக் கையே இல்ல. அது தானா நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

எதிர் வீட்டுக் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“அப்ப நீங்க மேல ஏறக் கூடாது,” என்றாள். “போய் உண்மையச் சொல்லிடுங்க.”

கண்ணாடியை மடியில் வைத்து அதன் வாரைச் சுருட்டினாள். சுருட்டி முடித்துவிட்டு, “சொன்னா இதை வாங்கிட்டுப் போயிடுவாங்க இல்ல?” என்றாள்.

அவர் கண்ணாடியை வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேலே, பழைய இடத்தில் வைத்தார்.

மறுநாள் அவர் மையத்துக்குப் போனார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார். பயிற்சியாளர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தாள். சுவரில் அவர் படம் ஆள் உயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு சாண் குறைத்து ஒட்டியிருந்தார்களா என்று அவருக்குச் சந்தேகம்.

எனக்கு வலி குறையவில்லை என்றார். அவள் கனிவாகத் தலையாட்டினாள். அது வலி இல்லை, வலியின் ஞாபகம் என்றாள். வாடகைக்கு இருந்தவர் காலி பண்ணின பிறகும் அவர் பேருக்குத் தபால் வருகிற மாதிரி. சிப்பி பொறுக்கியது நான் இல்லை என்றார். அதற்கும் தலையாட்டினாள். குணமானவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள், இது நான்தானா என்றே நம்ப முடியவில்லை என்கிறார்கள், சீஃப் இதைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார் என்றாள். மனைவி மாட்டிக்கொண்டாள் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். நேற்று வாரைச் சுருட்டிய விரல்கள் ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டார். மேடையில் மைக் கொடுப்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

துறைமுகத்தில் சேதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சீட்டு அறையின் ஜன்னலில் குச்சியின் தலை தெரிந்தது. குச்சி என்பது கொடி காட்டுகிறவனின் பட்டப்பேர். ஆள் அப்படி, கொடியையும் அவனையும் பக்கத்தில் வைத்தால் எது கம்பு என்று தேட வேண்டும். அன்றைக்குப் பெட்டிக்கு அடியில் நின்றவன் அவன்தான்.

“அண்ணே, திங்கட்கிழமை ஏறிடறீங்களாமே. இப்ப மேல இருக்கானே, அவன் பெட்டிய இறக்கறானா எறியறானான்னு தெரியல. நான் ஒரு கண்ணை மேல, ஒரு கண்ணைக் கீழ வெச்சு மாறுகண்ணே வந்துடும் போல. நீங்க இருந்தப்ப நான் மேல பாத்ததே இல்ல.”

“பாத்திருக்கணும்டா.”

“எதுக்கு? அன்னிக்கு என் தலைக்கு மேல நிறுத்தினீங்களே, முடி கலையல. என் பொண்டாட்டி இன்னும் சொல்லுவா, அந்த அண்ணன் கை சாமான்யக் கை இல்லன்னு. வியாழக்கிழமை நாங்க கும்பலா வரோம். லீவு போட்டாச்சு.”

குச்சி போன பிறகு கிரேன்காரர் மூன்று லாரிகளுக்கு ஒரே சீட்டைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அரங்கம் நிரம்பியது. வலி ஒழிவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி, தேநீருக்கு வந்தவர்கள் பாதி. முன்வரிசையில் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் குச்சி, பளிச்சென்று தலை சீவி, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. மேடையின் ஓரத்தில் மேசை போட்டுத் தகுதி டாக்டர் உட்கார்ந்திருந்தார். சான்று எழுதியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. பேனா திறந்தே இருந்தது.

தலைமை மருத்துவர் பேசினார். கோட்டு விறைப்பாக இருந்தது; யார் கைவண்ணம் என்று முன்வரிசையில் ஒருத்திக்குத் தெரியும். அவர் மூளையைப் பற்றிப் பேசினார், பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசினார், இரண்டுக்கும் நடுவில் தன்னைப் பற்றிப் பேசினார். கிரேன்காரர் நின்றுகொண்டே கேட்டார். காலையில் வண்டியில் வந்த குலுக்கலில் முதுகு கல்லாகியிருந்தது. எப்போது மைக் வரும் என்று அவர் கண் அதன் பின்னாலேயே போனது.

மைக் வரவில்லை. பேச்சு முடிந்த அதே மூச்சில் பயிற்சியாளர் பின்னாலிருந்து வந்து, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடியை மாட்டினாள், காதை மூடினாள், இரண்டு கையிலும் பிடிகளைக் கட்டினாள். அரங்கம் அணைந்தது. கடல் எரிந்தது. அவர் பார்ப்பது அப்படியே மேடையின் பெரிய திரையிலும் விழுந்தது.

“மீண்டும் வருக,” என்றது பெண் குரல். “உங்கள் கூடை காத்திருக்கிறது.”

நீலம் ஆழமாக இருந்தது. மீன்கள் அவரைத் தெரிந்தவரைப் போல நெருங்கிவந்தன. இவ்வளவு நாள் அவள் வந்து நின்ற இடம் இது என்று நினைத்தார். குமட்டலை விழுங்கினார். குனியக் கூடாது என்று முடிவு செய்தார். குனியாமல் இருந்தால் இவர்களுக்குத் தானே புரியும்.

முழங்கையை ஒரு கை பற்றியது. தலைமை மருத்துவரின் கை, மோதிரம் உறுத்தியது. அந்தக் கை அவரை அன்போடு கீழ்நோக்கி அழுத்தியது.

பாதி தூரம் போனார். அங்கேயே பிடித்துக்கொண்டது.

அதே கம்பி, அதே முறுக்கு. இடுப்பிலிருந்து ஏறி, தோளைக் கடந்து, வலது கைக்குள் இறங்கியது. விரல்கள் பிடியின் மேல் இறுகின. திறக்கச் சொன்னார், திறக்கவில்லை. கண் முன்னால் கடலில் ஒரு சிப்பி அவர் கைக்குள் சிக்கிக்கொண்டு மினுங்கியது. வெளியே எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு மேலே நடப்பது போல, கைதட்டல் கேட்டது. எல்லாரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் சிப்பி அழகாக இருந்தது. திரைக்கு முன்னால் ஒரு மனுஷன் ஒடிந்த குடை மாதிரி நின்றதைக் கவனிக்க அங்கே ஏற்பாடு ஏதும் இல்லை.

“முடியல,” என்றார். “கழட்டுங்க.”

“பேசுகிறார்,” என்று தலைமை மருத்துவர் மைக்கில் அறிவித்தார். “மீன்களோடு பேசுகிறார். நோயாளி தன்னை மறந்த நிலை.”

சிப்பி கூடைக்குப் போகாததால் குரலுக்குப் பொறுமை போயிருக்க வேண்டும். பயிற்சியை முடித்துக்கொள்ளலாம் என்றது. “இப்போது உங்கள் வலி எவ்வளவு?”

எண்கள் குமிழிகளாக மிதந்து வந்து வரிசையாக நின்றன. போன தடவை தொட்ட எண் தானாகவே ஒளிரும் ஏற்பாடு. மூன்று ஒளிர்ந்தது. ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும், கொஞ்ச நேரத்தில் அதுவே பதிவாகிவிடும். குமிழியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல வளர ஆரம்பித்தது. வட்டம் முடிந்தால் மூன்று. மூன்று என்றால் பேனா. பேனா என்றால் ஏணி, கேபின், கீழே நின்று, மேலே பார்க்கவே பார்க்காத ஒரு குச்சி.

வரிசையின் கடைசியில், வலப்பக்கம், பத்து மிதந்தது. கையை அங்கே கொண்டுபோக வேண்டும். விறைத்த கை ஒரு விரற்கடை நகர்ந்தது. முதுகில் யாரோ கத்தியை வைத்துத் திருகினார்கள். பல்லைக் கடித்தார். நான்கு, ஐந்து, ஆறு. வட்டம் முக்கால் வளர்ந்திருந்தது. கை நின்றுவிட்டது. மேற்கொண்டு கை வராது என்று தெரிந்ததும், காலை எடுத்து வைத்தார். மொத்த உடம்பையும் ஒரு மூட்டையைப் போலத் திருப்பினார். கண் இருண்டது. கை போய்ப் பத்தில் மோதியது. மணி அடித்தது.

அரங்கம் அமைதியானது. திரை முழுக்கப் பத்து. தலைமை மருத்துவரின் வாய் திறந்தபடி நின்றது. அப்போது பின்வரிசையில் யாரோ ஒரு புண்ணியவான், “பத்துக்குப் பத்து!” என்று கைதட்டினார். அரங்கம் பிடித்துக்கொண்டது. குச்சி எழுந்து நின்று விசிலடித்தான். தலைமை மருத்துவரின் வாய் மூடிக்கொண்டு, பிறகு புன்னகையாக விரிந்தது. தகுதி டாக்டர் சான்றைத் தன் பக்கம் இழுத்தார்.

மனைவி மேடையில் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய் அவர் தலையிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள், காதை விடுவித்தாள், இறுகிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடியை எடுத்தாள். அவர் முகம் வெளியே தெரிந்தது. முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பின்வரிசைக்கு விஷயம் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது.

அவள் மைக்கைக் கேட்கவில்லை. மேசைக்குப் போய் சான்றின் மேல் கையை வைத்தாள்.

“டாக்டர், பத்துன்னா வலிங்க. மார்க் இல்ல.”

தலைமை மருத்துவர், அம்மா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று ஆரம்பித்தார்.

“அந்தச் சிப்பியெல்லாம் பொறுக்கினது நான். மூணுன்னு சொன்னது நான். இவர் முதல் நாளே வாந்தி எடுத்துட்டு விட்டுட்டார்.” கையைச் சான்றின் மேலிருந்து எடுக்கவில்லை. “உயரம் குறைஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுகூட என் உயரம்தான்.”

யாரோ சிரித்தார்கள். யாரும் கூடச் சேரவில்லை. பயிற்சியாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தகுதி டாக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேனாவை மூடினார்.

தலைமை மருத்துவர் லேசுப்பட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நமது சிகிச்சையின் வீரியம் எத்தகையது என்றால், நோயாளிக்குக் கொடுத்தால் அது குடும்பத்தையே குணப்படுத்துகிறது என்றார். தேநீர் தயாராக இருக்கிறது என்பதையும் தெரிவித்தார். கூட்டம் அந்த இரண்டாவது செய்தியை நம்பியது.

கிரேன்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனது குச்சி. நடைபாதை முழுக்க அவன் கண் அந்த விறைத்த கையிலேயே இருந்தது. லிஃப்டுக்கு முன்னால் நின்றபோது தலையை நிமிர்த்தி மேலே, கூரையைப் பார்த்தான். பிறகு நாற்காலியின் கைப்பிடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

கிரேன்காரர் சீட்டு அறையிலேயே இருக்கலாம் என்று துறைமுகத்திலிருந்து எழுதிவிட்டார்கள். மேலே ஏறவே கூடாது என்று தகுதி டாக்டர் அடிக்கோடிட்டிருந்தார். சிகிச்சையைத் தட்டியது பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் கட்டுரையைப் பற்றியும் கேட்க வேண்டிவரும்.

அடுத்த வாரம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க இருவரும் சேர்ந்து போனார்கள். கிரேன்காரரே பேசினார். இதை இவள் பேரில் கொடுங்கள், இவளுக்குத்தான் வேலை செய்கிறது, உங்கள் ஏட்டிலேயே இருக்கிறது என்றார். இவ்வளவு நீளமாக அவர் மனைவிக்காக எங்கேயும் பேசியதில்லை. பயிற்சியாளர் உடனே நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தாள். புது நோயாளியாகச் சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு கேள்விதான் என்றாள்.

“இப்ப உங்க வலி எவ்வளவும்மா?”

அவள் கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். முந்தின நாள் வரைக்கும் கடலுக்குள் போய் வந்த கை, சுலபமாகப் போனது. அந்தக் கேள்விக்கு அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

“மூணு,” என்றாள்.

பயிற்சியாளரின் முகம் விழுந்தது. திட்டத்தில் சேர வலி குறைந்தது ஏழு இருக்க வேண்டும்.

கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, வலி ஏழானதும் வரச் சொன்னார்கள்.